பதினேழா, இருபத்துநாலா

கிறிஸ்துமஸ் லீவை எப்போது விடலாம் என்று கொடைக்கானலில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டில் எத்தனை அறை டூரிஸ்டுகளுக்குப் போகிறது, பிள்ளை எந்த வேனில் வருகிறது, சீசனில் அவருக்கு என்ன சோலி என்பதெல்லாம் அந்தப் பதிலிலேயே வந்துவிடும். பிள்ளையின் படிப்பை வைத்து யாரும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வருஷம் நான் பதில் சொல்ல வேண்டிய ஆள் இல்லை. வந்த பதில்களை எண்ணிச் சொல்ல வேண்டிய ஆள். அந்த ஒரு வேலையில் நான் செய்த அயோக்கியத்தனத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். அழகாகச் சொல்ல முயன்றால் எனக்குச் சாதகமாகச் சாய்ந்துவிடும். அதனால் நடந்த வரிசையில் தட்டிவிட்டுப் போகிறேன்.

மதுரையில் பி.சி.ஏ. முடித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். பெங்களூரு கூப்பிடும் என்று காத்திருந்த எட்டு மாதத்தில், சின்ன வயதில் நான் படித்த அதே பள்ளியின் ஆபீஸில் தற்காலிக வேலை கிடைத்தது. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளி, எட்டாம் வகுப்பு வரை. வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, சர்க்குலர் அடிப்பது, பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் செய்தி போடுவது, பிரிண்டர் மக்கர் பண்ணினால் தட்டுவது. 'இந்தப் படிப்புக்கு இதெல்லாம் ஒரு வேலையா' என்ற நினைப்பு முகத்தில் ஒட்டியே இருக்கும். பிள்ளைகள் என்னை 'ஆபீஸ் சார்' என்பார்கள். அது மட்டும் பிடிக்கும்.

அரையாண்டுப் பரீட்சை பதினேழாம் தேதி முடிகிறது. அதற்குப் பிறகு இருபத்துநாலாம் தேதி மத்தியானம் வரை பள்ளி உண்டு. ஆனால் அந்த ஒரு வாரத்தில் பாடம் கிடையாது. குடில் கட்டுவார்கள், கரோல் பாட்டுக்குப் பயிற்சி, திருத்திய பேப்பர் கொடுப்பது, கடைசி நாள் கேக். முந்தைய வருஷம் இருபத்துநாலு மத்தியானம் விட்டபோது, பள்ளங்கி போகிற பள்ளி வேன் சீசன் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் பின்னாலும் வெளியூர் கார். பிள்ளைகள் வீடு சேர இருட்டிவிட்டது. பெற்றோர்கள் பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார்கள். அதனால் இந்த முறை தலைமை ஆசிரியை சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏப்பா, இந்த வருஷம் நாமளா முடிவு பண்ண வேணாம். பேரண்ட்ஸையே கேட்ருவோம். பதினேழோட விட்ரலாமா, இருபத்துநாலு வரைக்கும் நடத்தலாமா? கூட ஓட்டு எதுக்கோ அதுதான் முடிவு. விட்டுப்போன நாள ஜனவரி சனிக்கிழமைல ஈடு கட்டிக்கலாம்."

"வாட்ஸப்ல போல் போட்டா அஞ்சு நிமிஷம் சிஸ்டர்."

"வாட்ஸப் இல்லாதவங்க?"

"எல்லார்ட்டயும் இருக்கு சிஸ்டர் இப்ப."

"இல்லப்பா. காலனிப் பிள்ளைங்க வீட்ல பாதிப் பேர்ட்ட பட்டன் போன்தான். சீட்டு அடிச்சுக் குடுத்துவிடு. டிக் பண்ணிக் கையெழுத்துப் போட்டு அனுப்பட்டும். ரெண்டையும் சேத்து எண்ணு."

காலனி என்பது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களுக்கு அந்தக் காலத்தில் வீடு கொடுத்த இடம். இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் பள்ளியில். அப்பா அம்மா இருவரும் தோட்டத்துக்கோ, கேரட் காட்டுக்கோ, ஓட்டல் வேலைக்கோ விடியும் முன் கிளம்பிவிடுகிறவர்கள். சிஸ்டர் சொன்னது சரிதான்.

வாட்ஸப் போல் போட்ட அரை மணி நேரத்தில் குரூப் சந்தையாகிவிட்டது. ஹோம்ஸ்டே வைத்திருக்கிற ஒரு அம்மா, "24 தான் கரெக்ட். பிள்ளைங்க வீட்ல இருந்தா கெஸ்ட்டுக்கு டிஸ்டர்பன்ஸ்" என்று எழுதினார். உடனே பள்ளங்கி அப்பா ஒருவர் குரல் செய்தி அனுப்பினார்: "ஏங்க, உங்க கெஸ்ட்டு நிம்மதியா தூங்க எங்க பிள்ளைக வேனுக்குள்ள பட்டினியா கெடக்கணுமா? நல்லா இருக்குங்க நாயம்!" அதற்குக் கீழே பன்னிரண்டு சிரிப்பு முகங்கள். யாரோ ஒருவர் சம்பந்தமே இல்லாமல் குட் மார்னிங் படம் போட்டார். நான் ஆபீஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் ஒரு தேதி இருந்தது. பள்ளித் தோழன் ஒருவன் சொந்தமாக ஜீப் வாங்கியிருந்தான். சீசனில் டூரிஸ்டுகளை ஏற்றிப் பன்னிரண்டு இடம் சுற்றிக் காட்டுவான். இங்கிலீஷும் இந்தியும் பேசத் தெரிந்த ஆள் கூட வந்தால் நல்ல பார்ட்டியாகப் பிடிக்கலாம் என்று என்னைக் கூப்பிட்டிருந்தான்.

"ஏலே, பதினெட்டுலருந்து வந்துரு. இருபத்துநாலுக்கு அப்புறம் எவன் வேணாலும் வருவான். அதுக்கு முந்தி வாரவந்தான் பார்ட்டி. நீ இல்லேன்னா வேற ஆளப் பாத்துருவேன், பாத்துக்க."

பள்ளி பதினேழில் முடிந்தால் நான் பதினெட்டில் ஜீப்பில் இருப்பேன். இருபத்துநாலு என்றால் ஆபீஸில் உட்கார்ந்து குடிலுக்கு வைக்கோல் எண்ண வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு. பெரிய வில்லத்தனமெல்லாம் ஒன்றும் இல்லை. அதுதான் இப்போது யோசித்தால் கூசுகிறது.

காலனிச் சீட்டுகள் முப்பத்தொன்று திரும்பி வந்தன. பனியில் நனைந்த பைகளுக்குள்ளிருந்து பிள்ளைகள் எடுத்துக் கொடுத்தார்கள். சிலதில் கையெழுத்து, சிலதில் கைநாட்டு. ஒன்றில் டிக் போட்டு, 'தயவு செய்து' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. மேலே இருந்த எட்டுப் பத்தைப் புரட்டினேன். எல்லாம் இருபத்துநாலு. வாட்ஸப்பில் பதினேழாம் தேதி பதினான்கு ஓட்டு முன்னால் இருந்தது. கணக்குப் போட பி.சி.ஏ. தேவையில்லை.

அன்றைக்கு மூன்றாவது நாளாக வெயிலே இல்லை. மேகம் ஜன்னல் வழியாக ஆபீஸுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. டிசம்பரில் எங்கள் ஆபீஸில் ஒரு பழைய எண்ணெய் டின்னில் நெருப்புப் போட்டுக் குளிர் காய்வோம். கல் கட்டடம், அது இல்லாவிட்டால் விரல் கீபோர்டில் நகராது. யூகலிப்டஸ் சுள்ளியெல்லாம் ஈரம், புகை மட்டும்தான் வந்தது. பற்ற வைக்கக் காகிதம் தேடினேன். மேஜையில் பழைய சர்க்குலர் ஒரு கட்டு இருந்தது, அதுவும் ஈரம். சீட்டுகள் கொஞ்சம் காய்ந்திருந்தன, கம்ப்யூட்டரின் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால்.

முதலில் ஒன்றை எடுத்தேன். பிறகு ஐந்தாறு. பிறகு ஒன்று இருந்தால் என்ன, முப்பது இருந்தால் என்ன என்று மொத்தமாகத் திணித்தேன். நன்றாகப் பற்றியது. கையை நீட்டிக் குளிர் காய்ந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. கை சூடாயிற்று, சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் சிஸ்டர் கேட்டார். "ரெண்டையும் சேத்து எண்ணிட்டியாப்பா?"

"எண்ணிட்டேன் சிஸ்டர். பதினேழுக்குத்தான் கூட."

"சரி, சர்க்குலர் போட்ரு."

போட்டேன். பள்ளங்கிக்காரர்கள் கைதட்டல் முகங்களை வரிசையாக அனுப்பினார்கள்.

பதினாறாம் தேதி மத்தியானம் ஆபீஸ் ஜன்னலில் ஒரு அக்கா வந்து நின்றார். முப்பது வயது இருக்கும். தலையைச் சுற்றி ஸ்கார்ஃப், மேலே ஆண்பிள்ளை ஸ்வெட்டர், கையில் எங்கள் சர்க்குலர். பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள், முன்பல் இரண்டும் இல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நாளையோட லீவுன்னு போட்ருக்கு. இது எல்லாருக்குமா, பரீச்ச முடிஞ்ச பெரிய கிளாஸுக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தாங்க்கா."

அவர் சர்க்குலரை மடித்தார், பிரித்தார். "எங்க லயத்துல எல்லாரும் இருபத்துநாலுன்னுதானே போட்டோம் சார். ராத்திரி கூடி இருந்து கதைச்சுத்தான் போட்டோம்."

லயம் என்பது வரிசை வீடு. கதைப்பது என்றால் பேசுவது. அந்தத் தோட்டத்துப் பேச்சு இன்னும் காலனியில் உண்டு.

"ஆமாங்க்கா. ஆனா மொத்தத்துல பதினேழுக்குத்தான் கூட ஓட்டு."

"ஓ." பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "காட்டேஜுல ரூம் சுத்தம் பண்ற வேலைக்கு என்னையும் இன்னொரு பொம்பளையையும் வரச் சொல்லிருக்காங்க. சீசனுக்கு முந்தி இந்த ஒரு வாரம், கம்பளி தொவச்சு, ரூமெல்லாம் கழுவி, ஒரு நாள் லீவு போடாம யாரு நிக்கிறாங்களோ அவங்கள ஜனவரியிலருந்து மாசச் சம்பளத்துல எடுத்துக்குவாங்களாம். பிள்ளைய விட்டுட்டுப் போகப் பள்ளிக்கூடம் இருக்குன்னு நெனச்சேன். இருபத்துநாலு சாயங்காலம் இவ அப்பா திருப்பூர்லருந்து வந்துருவாரு. இடையில இந்த ஒரு வாரந்தான்."

"பக்கத்து வீட்ல யாராச்சும்..."

"பகல்ல லயத்துல ஒரு ஆளு இருக்காது சார். காட்டுமாடு வேற வாசல்ல வந்து நிக்கிது. தனியா விட ஏலாது." பிறகு, என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சமாதானம் சொல்வது போலச் சிரித்தார். "பரவால்ல சார். கூடப் பேரு சொன்னா அதுதானே நாயம். உங்க மேல என்ன இருக்கு."

நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். சிஸ்டர் பக்கத்து அறையில் இருந்தார். பத்து அடி. சர்க்குலரை மாற்றி இன்னொரு சர்க்குலர் அடிக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். நான் செய்தது, கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி ஏதோ டைப் அடிப்பது போல விசையைத் தட்டியதுதான். வெறும் எழுத்துகள் திரையில் ஓடின. நிமிர்ந்தபோது இருவரும் கேட்டுக்குப் போய்விட்டார்கள்.

பதினெட்டாம் தேதி காலையில் ஜீப்பில் ஏறினேன். பில்லர் ராக்ஸ், குணா குகை, பைன் காடு, சாக்லேட் கடை. மேகம் மூடியிருந்தால், "சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, இப்ப க்ளியர் ஆயிரும்" என்று அடித்துவிடுவேன். ஆனால் அது க்ளியர் ஆகாது. பார்ட்டி சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்துக்கொள்ளும். நான் அதில் கெட்டி.

பத்தொன்பதாம் தேதி தோழன் ஒரு புதுப் பார்ட்டி பிடித்திருந்தான். கோயம்புத்தூர்க்காரர்கள், ஏரிக்கு மேலே ஒரு காட்டேஜில் தங்கியிருந்தார்கள். ஏற்றிக்கொள்ளப் போனோம். அவர்கள் சாப்பிட்டு முடிக்கவில்லை. நான் வராந்தாவில் நின்றேன். படிக்கட்டுக்கு அடியில், துவைக்கப் போட்ட படுக்கை விரிப்புகளின் குவியலுக்குப் பக்கத்தில், பள்ளி ஸ்வெட்டர் போட்ட ஒரு பிள்ளை உட்கார்ந்து பாணைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. பாண் என்றால் பன் இல்லை, பிரெட். காலனியில் அதற்கு அதுதான் பெயர்.

"ஆபீஸ் சார்!" என்று கத்தினாள். முன்பல் இல்லாத அதே சிரிப்பு.

"இங்க என்ன பண்றே?"

"சத்தம் போடாம உக்காந்துருக்கேன்" என்றாள், சத்தமாக. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் நாள் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். அன்றைக்கு இரண்டாம் நாள். ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு நேரம்தான் உட்காரும்? நான் ஜீப்புக்கும் வராந்தாவுக்கும் நடந்துகொண்டிருந்தபோதே எழுந்து புல்வெளிக்குப் போய்விட்டாள். அங்கே கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து வேலியில் விழுந்தபோது ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த பந்தையும். அதற்கடுத்தது அவளே மட்டையை வாங்கி அடித்தாள். அந்தப் பிள்ளைகளின் அம்மா, "இது யாரோட குழந்தை?" என்று கேட்டார், கோபமாகக்கூட இல்லை. அது மேனேஜர் காதில் விழுந்துவிட்டது.

மேனேஜர் ஓடி வந்தார். பின்னாலேயே அந்த அக்கா, கையெல்லாம் சோப்பு நுரையோடு.

"ஏம்மா, நேத்தே பாத்துட்டுச் சும்மா விட்டேன். இது என்ன பால்வாடியா? கெஸ்ட்டு கேக்கறாங்க."

"மன்னிச்சுக்கங்க சார். பள்ளிக்கூடம் லீவு விட்டுட்டாங்க. அதான்..."

"டிசம்பர் பத்தொம்பதுல எந்த ஸ்கூல்மா லீவு விடுது? என்கிட்டயே கதை விடாத."

"நெசமா சார். இந்தா, ஸ்கூல் சாரே நிக்கிறாரு. கேட்டுப் பாருங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையில் டூரிஸ்டுகளைக் கவர நான் போட்டிருந்த ஒரு கோமாளித் தொப்பி வேறு.

"ஏன் தம்பி, இவ்ளோ வெள்ளனே எதுக்கு லீவு விட்டீங்க?"

"பேரண்ட்ஸ்தான் கேட்டாங்க சார்" என்றேன். "ஓட்டு எடுத்துத்தான் விட்டோம்."

அந்த அக்கா தலையை ஆட்டினார். நான் சொன்னது தன் பேச்சுக்கு ஆதரவு என்று நினைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். சீட்டை எரித்ததற்கு ஏதாவது சாக்கு கண்டுபிடிக்க முடியும் என்று தோன்றும் எனக்கு. விவரம் பத்தாத வயசு, குளிர், ஏதோ ஒன்று. மேனேஜரிடம் சொன்ன இந்த வாக்கியத்துக்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை.

"ஸ்கூல் என்ன வேணா பண்ணட்டும்" என்றார் மேனேஜர். "நாளைக்குப் பிள்ளையோட வராத. பிள்ளைய எங்கயாச்சும் விட்டுட்டு வந்தா வா. இல்லேன்னா அந்த இன்னொரு அம்மாவே பாத்துக்கட்டும்."

அன்றைக்குப் பார்ட்டியிடம் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. "என்னலே, பேயறஞ்ச மாதிரி இருக்க?" என்றான் தோழன். தலைவலி என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கேட்டேன். சீசனில் எங்கள் வீட்டில் இரண்டு அறையும் வாடகைக்குப் போய்விடும். நாங்கள் மூன்று பேரும் அடுப்படியிலும் அதை ஒட்டிய இடுக்கிலும் படுத்துக்கொள்வோம். நிச்சயம் திட்டுவாள் என்று நினைத்துத்தான் கேட்டேன். திட்டினால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும்.

"அம்மா, ஒரு சின்னப் பிள்ளைய அஞ்சாறு நாளு பகல்ல மட்டும் நம்ம வீட்ல வச்சுக்கலாமா?"

"யாரு பிள்ளலே?"

"ஸ்கூல்ல படிக்கிது. அவங்க அம்மாவுக்கு வேலை இருக்கு, பாத்துக்க ஆளில்ல."

அம்மா சப்பாத்தி மாவிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "நாமளே அடுப்படில மொடங்கிக் கெடக்கோம். இதுல இது வேறயா... சரி, கூட்டிட்டு வா. ஒரு பிள்ள எம்புட்டு எடத்த அடைச்சிரப் போகுது. வெள்ளனே ஏழு மணிக்கெல்லாம் கொண்டாந்து விட்ரச் சொல்லு, நான் சந்தைக்குப் போகணும்."

அவ்வளவு சுலபமாக இருந்தது. காலனிக்கு எங்கள் வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிஷம். அப்போதே போயிருக்கலாம். வீடு தெரியாது, காலையில் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் தோழன் ஐந்து மணிக்கே வாசலில் ஹாரன் அடித்தான். சூரிய உதயம் பார்க்க ஒரு பார்ட்டி, வெரசா வாலே என்றான். திரும்பி வந்து போகலாம் என்று ஏறிவிட்டேன். உதயம் முடிந்து, டிராஃபிக்கில் மாட்டி, காட்டேஜ் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது பதினொன்றரை.

துணி துவைக்கிற கல்லில் இன்னொரு பெண் மட்டும் இருந்தார். அந்த அக்கா எங்கே என்று கேட்டேன்.

"அவ வரல தம்பி. பிள்ளைய விட எடமில்லன்னு நேத்துப் போகும்போதே அழுதுக்கிட்டுத்தான் போனா." கம்பளியை ஓங்கி அடித்தார். "எனக்கு நல்லதுதான். ஆனா அவதான் என்னை விட நல்லா வேல செய்வா, தெரியுமா?"

அன்றைக்கு மத்தியானம் காலனிக்குப் போனேன். வீடு கண்டுபிடித்தேன், பூட்டியிருந்தது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விறகுக்குப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். மறுநாள் காட்டேஜ் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன், பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அவரைக் கூப்பிடுங்கள் என்று. "ஒரு நாள் லீவு போட்டாச்சுல்ல தம்பி. ரூல்னா ரூல்தான்" என்றார். "அதுவும் போக, உங்களுக்கு என்ன இதுல?"

எனக்கு என்ன இதில் என்று அவரிடமும் சொல்லவில்லை.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று சிஸ்டர் சந்தோஷமாக இருந்தார். "இந்த வருஷம் வேன் பிரச்சனையே இல்ல பாத்தியா? பேரண்ட்ஸ கேட்டது நல்லதாப் போச்சு." அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை, அவர் பாராட்டியதைத் தாங்க முடியவில்லை. சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு திட்டினார், நன்றாகவே. ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. கல்வியாண்டுக் கடைசியில் கம்ப்யூட்டர் வேலைக்கு வேறு ஆள் தேட முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காலனிக்குப் போனேன். இந்த முறை வீடு திறந்திருந்தது. பிள்ளையின் அப்பா திருப்பூர் திரும்பிவிட்டார். அந்த அக்கா என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"வாங்க சார்! என்ன இவ்வளவு தூரம்? பிள்ள ஏதும் செஞ்சுட்டாளா?"

நாற்காலி போட்டார். பால் இல்லாத தேத்தண்ணி கொடுத்தார், இனிப்பு தூக்கலாக. அதைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னால் மோசம் என்று, குடிக்காமலே சொன்னேன். சீட்டு, நெருப்பு, என் ஜீப் வேலை, காட்டேஜில் சொன்ன பொய், எல்லாம். வேகமாகச் சொன்னேன். இப்போது தட்டுகிற மாதிரியே.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தரையில் படுத்து நோட்டில் கலர் அடித்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டருக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேங்க்கா."

"உங்கள வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?"

"இல்ல."

"ம்" என்றார். வைதிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்த 'ம்'மை என்ன செய்வது என்று தெரியாமல் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை கட்டாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"அந்த ராத்திரி இந்த லயமே கூடி இருந்து கதைச்சோம் சார்" என்றார் அவர். "அவங்கல்லாம், பள்ளிக்கூடத்துல பணக்காரங்க சொன்னதுதான் எடுபட்டுச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க. இனிமே சீட்டு வந்தா போட வேணாம், போட்டு என்ன ஆகப்போகுதுங்கிறாங்க. எனக்கு மட்டும் சொன்னா எப்படி?"

எழுந்து ஸ்கார்ஃபைக் கட்டினார். மகளைக் கையில் பிடித்துக்கொண்டார். "வாங்க."

பக்கத்துக் கதவைத் தட்டி, "இந்தத் தம்பி ஒண்ணு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். இதுவரை சார், இப்போது தம்பி. நான் சொன்னேன். அந்த வீட்டு அம்மா முறத்தை வைத்துவிட்டு, "எரிச்சுட்டீங்களா? நான் தயவு செய்துன்னு வேற எழுதுனேனே" என்றார். அடுத்த வீட்டில் ஒரு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வீட்டுல நான் பதினேழுதான்யா போட்டேன், இவங்க யாருக்கும் தெரியாம. அதையும் சேத்தா எரிச்ச? போய்யா!" அவர் மனைவி உள்ளேயிருந்து, "அப்படியா சங்கதி? இரு வாறேன்" என்று கரண்டியோடு வந்தார். மூன்றாவது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அந்த ஒரு வாரம் மத்தியானச் சத்துணவு இல்லாமல் இரண்டு பிள்ளைகளையும் கேரட் காட்டுக்குக் கூட்டிப்போய், சின்னவனுக்குச் சளி பிடித்து, ஆஸ்பத்திரியில் சரியான கூட்டத்தில் நின்றதை அந்த அப்பா மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நான்காவது வீட்டில் என்னை உட்காரவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஐந்தாவது கதவுக்கு முன்னால் அந்த அக்கா நின்றுவிட்டார்.

"மிச்சத்த நீங்களே பாத்துக்கங்க தம்பி. நான் போயி ஒலைய வைக்கணும். நாளைக்குப் பூண்டுக் காட்டுக்குப் போகணும், ஆளேத்துற ஜீப்பு அஞ்சரைக்கே வந்துரும்."

"மாசச் சம்பள வேலை வேற எங்கயாச்சும் கெடச்சா நான்..."

"கெடச்சா சொல்லுங்க" என்றார், நம்பாமல், ஆனால் மரியாதையாக. மகள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். சார் ஏன் எல்லார் வீட்டுக்கும் போகிறார் என்று அம்மாவிடம் கேட்பது காதில் விழுந்தது. பதில் விழவில்லை.

லயத்தில் இன்னும் நிறைய கதவுகள் இருந்தன. மேகம் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பைக் சாவி கையில்தான் இருந்தது. ஐந்தாவது கதவைத் தட்டினேன்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"பள்ளிக்கூடத்து ஆபீஸ்லருந்து வாறேங்க" என்றேன்.